மோட்டார் எஞ்சினும் தண்ணீரும்

மாணவ மாணவியரே, கோடைக்காலத்தில் மலைப்பாதையில் பயணம் செய்திருப்பீர்களானால், பழைய மோட்டார் வண்டி ஒன்று சாலையோரத்தில் பானெட்டைத் திறந்துகொண்டு, ஆவி கக்கி நிற்கும் காட்சியைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். ஒருவர் குடத்துடன் நிற்பார். இன்னொருவர் ஓடையைத் தேடிப் போயிருப்பார். "வண்டி சூடாகிவிட்டது" என்பார்கள். இது நோயின் பெயரன்று, அறிகுறி மட்டுமே. காய்ச்சல் என்பது பல நோய்களுக்கும் பொதுவான குறியாக இருப்பதைப் போல, சூடாவதும் எஞ்சினின் பல கோளாறுகளுக்குப் பொதுவான குறியாகும்.

அந்தக் கோளாறு இன்னதென்று கண்டறிவது எப்படி? அதற்கு ஸ்பானர் பெட்டியைத் திறப்பதற்கு முன் வரலாற்று நூலைத் திறக்கலாம் என்பது என் கருத்து. பழைய வண்டியில் எஞ்சினைக் குளிர்விக்கும் உறுப்புகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே மனிதரால் அமைக்கப்பட்டவை அல்ல. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக்காலத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தவை. முன்னிருந்த குறைக்கு மருந்தாக வந்த ஒவ்வோர் உறுப்பும், தனக்கே உரிய ஒரு நோயையும் உடன் கொண்டு வந்தது. உறுப்புகள் வந்த வரிசையை அறிந்தவனுக்கு நோய்களின் வரிசையும் ஒருவாறு விளங்கிவிடும்.

எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி எரியும் கணத்தில் வெப்பநிலை 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே போகிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். வார்ப்பிரும்பும் 1,200 டிகிரியைத் தாங்காது. பழைய பெட்ரோல் எஞ்சினில், எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் பயன்படும். மிச்சத்தில் ஒரு பெரும்பகுதி புகையோடு வெளியேறும். ஏறக்குறைய அதே அளவு சிலிண்டரின் சுவரில் ஏறி நிற்கும். சுவரில் ஏறியதை இடைவிடாமல் எடுத்துக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தண்ணீர்.

ஜெர்மனியில் மன்ஹைம் நகரில் வாழ்ந்த கார்ல் பென்ஸ் என்பவர், 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அதில் இருந்தது ஒரே ஒரு சிலிண்டர். குதிரைத்திறன் ஒன்றுக்கும் குறைவு. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நின்றது. சூடேறியதும் கொதித்து ஆவியாய்ப் போயிற்று. அவ்வளவே ஏற்பாடு. இதை அறியாமை என்று நகைத்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க 70 கிலோ கலோரி போதும். அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்கவோ 540 கிலோ கலோரி வேண்டும். ஆகவே, கொதித்துப் போகும் தண்ணீர் தன்னோடு அள்ளிச் செல்லும் வெப்பம் மிக அதிகம். பென்ஸின் ஏற்பாடு எஞ்சினுக்கு நல்லதுதான். தண்ணீர் சுமப்பவருக்குத்தான் தொல்லை.

அத்தொல்லையை முதலில் முழுதாக அனுபவித்தவர் அவருடைய மனைவியார் பெர்த்தா பென்ஸ் அம்மையார். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கணவரிடம் சொல்லாமலே, தம் புதல்வர் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, மன்ஹைமிலிருந்து தம் தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு இவ்வண்டியிலேயே புறப்பட்டார். தொலைவு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதற்கு முன் எவரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் சென்றதில்லை. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை நீக்கினார். தண்ணீருக்கோ வழியெங்கும் நின்று நின்று, கிணறு, ஓடை, விடுதி என்று கிடைத்த இடத்திலெல்லாம் நிரப்ப வேண்டியிருந்தது. உலகத்தின் முதல் நெடும்பயணம் செய்தவரே சாலையில் நின்று எஞ்சின் கோளாறு கண்டறிந்த முதல் மனிதரும் ஆவார் என்று சொன்னால் மிகையாகாது. பொறியியற் கல்லூரியில் பயின்றவர் அல்லர் அவர். ஆனால் கண் இருந்தது, காது இருந்தது, எதற்கும் கலங்காத மனம் இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவ்வண்டியில் தண்ணீர் குறைவது ஒரு குற்றமே அன்று. குறைய வேண்டும் என்றே அமைக்கப்பட்டது அது. கசிவு என்னும் நோய், தண்ணீர் திரும்பி வரவேண்டும் என்று மனிதன் விரும்பிய பிறகுதான் பிறந்தது.

அவ்விருப்பத்தை நிறைவேற்றியவர் வில்ஹெல்ம் மேபாக் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். டைம்லர் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். எமில் யெல்லினெக் என்ற வணிகர் வேகமான புதுவண்டி ஒன்றை விரும்பிக் கேட்க, மேபாக் 1900-ஆம் ஆண்டின் இறுதியில் 35 குதிரைத்திறன் கொண்ட வண்டியை அமைத்தார். யெல்லினெக்கின் மகளுடைய பெயரால் அது மெர்சிடிஸ் எனப்பட்டது. 1901 மார்ச்சில் பிரான்சு நாட்டு நீஸ் நகரப் பந்தயங்களில் புகழ் நாட்டிற்று. அதன் முகத்தில் தேனடைபோல் ஒரு பெட்டி இருந்தது. 6 மில்லிமீட்டர் சதுர வாயுடைய சிறு குழாய்கள் 8,070-ஐ நெருக்கி அடுக்கி, ஈயப்பற்று வைத்து இணைத்த பெட்டி அது. குழாய்களின் உள்ளே காற்று புகுந்து போகும். குழாய்களுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகளில் தண்ணீர் இறங்கும். பின்னால் ஒரு விசிறி காற்றை இழுக்கும். அதுவரை ஏறக்குறைய 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதுமானதாயிற்று. இன்று நாம் ரேடியேட்டர் என்று சொல்லும் உறுப்பு இப்படித்தான் நிலைபெற்றது.

கணக்கில் ஆர்வமுடைய மாணவர்கள் ஒரு பெருக்கல் செய்து பாருங்கள். 8,070 குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள், ஆக 16,140 பற்றுகள். ஒன்று விட்டாலும் தண்ணீர் சொட்டும். பிற்கால ரேடியேட்டர்களில் அமைப்பு மாறித் தண்ணீரே குழாய்களுக்குள் ஓடலாயிற்று. பற்றுகளின் எண்ணிக்கையும் குறைந்தது. எனினும் பற்று விடும் இடத்தில்தான் கசிவு என்னும் விதி மாறவில்லை. வண்டி கரடுமுரடான பாதையில் குலுங்கும்போதும், சூடேறி விரிந்து ஆறிச் சுருங்கும்போதும் பற்றுகள் சோர்வடைகின்றன. தண்ணீர் உலர்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பூப்பு நிற்கும். செம்பும் பித்தளையும் அரிக்கப்படுவதால் தோன்றும் பூப்பு அது. தண்ணீர் சொட்டும்போது தேடுவதைவிட, உலர்ந்த பின் இந்தப் பூப்பைத் தேடுவது எளிது.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் வெளியிட்ட டி மாடல் வண்டி 1927 வரை 1 கோடியே 50 லட்சத்துக்கும் மேல் விற்றது. முதலில் செய்த ஏறக்குறைய 2,500 வண்டிகளில் தண்ணீரைச் சுற்றவைக்க ஒரு பம்ப் இருந்தது. பிறகு ஃபோர்டு அதை எடுத்தே விட்டார்! சூடான நீர் இலேசாகி மேலே எழும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். உலைப்பானையில் அரிசி தானே மேலும் கீழும் சுழல்வதை உங்கள் தாயார் அடுப்படியில் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவந்தான். எஞ்சினின் மேல்வாயிலிருந்து சூடான நீர் ரேடியேட்டரின் தலைக்கு ஏறும். ஆறியது அடிவழியே எஞ்சினுக்குத் திரும்பும். தேயக்கூடிய உறுப்பு ஒன்றுகூட இல்லை. சிக்கனத்தில் ஃபோர்டுக்கு இணை அவரே.

ஆனால் இதற்கும் ஒரு நோய் உண்டு. ரேடியேட்டரில் நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சி அறுந்துபோகும். ரேடியேட்டரில் முக்காற்பங்குத் தண்ணீர் இருக்கும், எஞ்சினோ கொதிக்கும். "தண்ணீர்தான் இருக்கிறதே!" என்று ஓட்டுநர் திகைப்பார். எவ்வளவு இருக்கிறது என்பது அன்று, எதுவரை இருக்கிறது என்பதே அங்கே கேள்வி.

அந்நாளில் ஓட்டுநருக்கு வெப்பத்தை அறிவிக்கும் கருவி எதுவும் வண்டியில் இல்லை. ஹாரிசன் பாய்ஸ் என்னும் அமெரிக்கர் 1912-இல் ஒரு வெப்பமானிக்குக் காப்புரிமை பெற்றார். ரேடியேட்டர் மூடியின்மேல் வட்டக் கண்ணாடிக்குள் அது நிற்கும். இருக்கையில் அமர்ந்தபடியே சிவந்த கோடு ஏறுவதை ஓட்டுநர் காணலாம். நம் மாட்டுவண்டிக்காரர் மாட்டின் கொம்புகளுக்கு நடுவே பாதையைப் பார்ப்பதுபோல, அக்கால மோட்டார்காரர் அந்தக் கண்ணாடியைத் தாண்டியே சாலையைப் பார்த்தார். அது அளந்தது தண்ணீரின் வெப்பத்தை அன்று. தண்ணீருக்கு மேலே நின்ற ஆவியின் வெப்பத்தை. பின்னர் அம்முள் டாஷ்போர்டுக்கு நகர்ந்தது. அதன் உணர்குமிழ் எஞ்சினின் தண்ணீருக்குள் மூழ்கி நின்றது. மூழ்கி நிற்கும்வரை அது உண்மை பேசும். நீர்மட்டம் அதற்கும் கீழே இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு நான் ஒரு விலை கொடுத்திருக்கிறேன்.

எஞ்சின்கள் பெரியனவாகவும் வேகமுள்ளனவாகவும் ஆக ஆக, தானே நடக்கும் சுழற்சி போதவில்லை. ஃபோர்டு விலக்கிய பம்ப் மீண்டும் எங்கும் வந்தது. சுழலும் தண்டு ஒன்று தண்ணீருக்கு உள்ளே இருந்து வெளியே வருகிறது என்றால், அவ்விடத்தில் தண்ணீர் வெளியேறாமல் காக்க ஒரு காவல் வேண்டும். முதலில் எண்ணெய் தோய்ந்த கயிற்றைச் சுற்றி இறுக்கினார்கள். அது தேயத் தேய மரையைத் திருகி இறுக்க வேண்டும். பிறகு கார்பன் வளையம் வந்தது. அவ்வளையம் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்கினுள் புகுந்து கெடுத்துவிடாமல் வெளியே வழிய, பம்பின் அடியில் ஒரு சிறு துளை விட்டார்கள். இத்துளையில் நீர் கசிவது பம்ப் தன் நோயைத் தானே சொல்வதாகும். அறியாத சிலர் இத்துளையை அடைத்துவிடுவதுண்டு. குழந்தையின் வாயைப் பொத்திவிட்டு அழுகை நின்றுவிட்டது என்று மகிழ்வதற்கு ஒப்பானது அது.

மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடர் வண்டியை நீங்கள் அறிவீர்கள். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழித்தோன்றல் அது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சினில் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் ஒரே தண்டில் சுழன்றன. அத்தண்டைச் சுழற்றிய அதே பெல்ட்டுதான் மின்சாரம் ஆக்கும் டைனமோவையும் சுழற்றிற்று. ஆகையால் பெல்ட்டு அறுந்தால், வெப்ப முள் ஏறுவதற்கு முன்பே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். மின்சாரக் கோளாறு என்று எண்ணி வீடுவரை ஓட்டிச் சென்றவர்கள் எஞ்சினை இழந்தார்கள். மின்விளக்கு தண்ணீரைப்பற்றிப் பேசும் விந்தையை, பெல்ட்டு எங்கெங்கே சுற்றி வருகிறது என்று அறிந்தவரே புரிந்துகொள்வர்.

தெர்மோஸ்டாட் என்னும் தானியங்கிக் கதவு அடுத்த வரவு. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறித்து, உரிய சூடு வந்ததும் வழிவிடும். 1930-களில் மெழுகின் விரிவால் இயங்கும் வகை வந்தது. மெழுகு உருகினால் பருமன் கூடும். அந்த விரிவு கதவைத் தள்ளித் திறக்கும். கதவு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் விரைவில் கொதிக்கும். மேற்குழாய் தொட முடியாத சூடாகவும், ரேடியேட்டரின் அடி குளிர்ந்தும் இருக்கும். கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு வெப்பமானியுடன் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். "நம் வெயில் நாட்டுக்கு இது எதற்கு?" என்று இதை எறிந்துவிடும் வழக்கம் நம் பணிமனைகளில் நெடுங்காலம் இருந்தது. நான் இதை ஒப்புவதில்லை. உரிய சூட்டுக்கு வராத எஞ்சினில் எண்ணெய் வண்டலாகிறது; சிலிண்டர் சுவர் தேய்கிறது. வெயில் நாடாயினும் எஞ்சினுக்கு அதற்குரிய வெப்பம் வேண்டும்.

இனி வருவது மூடி. பார்வைக்கு மிக எளிய உறுப்பு. ஆனால் ஆபத்தில் தலையாயது. டெனி பப்பேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679-இல் இலண்டனில், இறுக மூடிய பாத்திரத்தில் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதியாமல் சூடேறும் என்று செய்து காட்டினார். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூதாதை அது. அத்தத்துவம் மோட்டார் வண்டிக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. மூடியில் ஒரு சுருள்வில்லை வைத்து, சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை நீராவியை வெளியே விடாமல் தடுத்தால், நீரின் கொதிநிலை ஏறக்குறைய 111 டிகிரிக்கு உயர்கிறது. மலையேறும் வண்டிக்கு இது பெரும் நன்மை. கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் நீர் 93 டிகிரிக்குச் சற்று முன்பே கொதித்துவிடுமல்லவா? மூடி அழுத்தம் தாங்காத அக்கால வண்டிகள் நீலகிரியில் அடிக்கடி கொதித்ததில் வியப்பில்லை.

இந்த நன்மைக்குக் கொடுத்த விலையை இனிச் சொல்கிறேன்.

1996-ஆம் ஆண்டு. நான் அறிவியல் ஆசிரியனாக இருந்த காலம். நான்கு மாணவர்களை உதகையில் நடந்த ஓர் அறிவியல் கண்காட்சிக்கு என் பழைய வண்டியில் அழைத்துச் சென்றேன். பழைய விலைக்கு வாங்கிய வண்டி. பல வாரங்களாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரேடியேட்டரில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அத்தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாளும் நான் கேட்டேனல்லேன். மேட்டுப்பாளையம் தாண்டி, பர்லியாற்றுக்கு மேலே வளைவுகள் தொடங்கின. வெப்ப முள் மெல்ல ஏறிற்று. பிறகு திடீரென்று இறங்கிற்று. மலைக்காற்று எஞ்சினைக் குளிர்வித்துவிட்டது என்று நான் மகிழ்ந்து, மாணவர்களுக்கும் அதை எடுத்துச் சொன்னேன்! சிறிது நேரத்தில் எஞ்சினுக்குள் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற ஓசை, பிறகு ஆவி.

வண்டியை நிறுத்தினேன். அதே மாதத்தில்தான் வகுப்பில் அழுத்தமும் கொதிநிலையும் என்னும் பாடத்தை நடத்தியிருந்தேன். இங்கே நேரிலேயே காட்டலாம் என்று மாணவர்களை அருகே அழைத்தேன். துணியை வைத்து மூடியைத் திருகினேன். மூடி கையைவிட்டுப் பறந்தது. கொதிநீரும் ஆவியும் என் வலக் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பாய்ந்தன. தழும்பு இன்னும் இருக்கிறது. அது பெரிதன்று. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவனுடைய முகம், ஆவி பாய்ந்த வழிக்கு ஒரு சாண் இப்பால் இருந்தது. இடப்பக்கம் நின்ற அவன் வலப்பக்கம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைவு இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் சில இரவுகளில் வருகிறது. அந்த மூடி ஏன் அங்கே இருக்கிறது, அதற்குள் என்ன அடங்கிக் கிடக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நானே.

அவ்வழியே வந்த லாரிக்காரர் ஒருவர் என் கையில் ஓடைநீரை ஊற்றச் செய்துவிட்டு, குன்னூரிலிருந்து ஒரு முதிய மெக்கானிக்கை அனுப்பி வைத்தார். மாணவர்கள் பேருந்தில் ஏறிக் கண்காட்சிக்குச் சென்றார்கள். வந்த பெரியவர் கருவி எதையும் எடுக்கவில்லை. படிக்கல்லில் அமர்ந்து ஒரே கேள்வி கேட்டார்.

"கொதிச்சதால தண்ணி போச்சா, தண்ணி போனதால கொதிச்சுதா, சார்?"

என்னால் விடை சொல்ல இயலவில்லை. வரலாறு கற்பிக்கும் என் நண்பர்கள் எப்போதும் கேட்கும் கேள்வியும் இதுவே அன்றோ: எது முந்தியது, எது பிந்தியது? திங்கட்கிழமைச் சொம்பைப்பற்றிச் சொன்னேன். அவர் தலையசைத்து, "அப்ப தண்ணிதான் முதல்ல போயிருக்கு" என்றார். முள் இறங்கியதைச் சொன்னேன். "குமிழுக்குக் கீழே தண்ணி இறங்கிடுச்சு, அப்புறம் முள்ளு எப்படிப் பேசும்?" என்றார்.

உடனே குளிர்நீரை ஊற்ற முனைந்த என்னை அவர் தடுத்தார். சிவக்கக் காய்ந்த வார்ப்பிரும்பின்மேல் குளிர்நீர் பட்டால் ஒரு பகுதி சுருங்க, மறுபகுதி சுருங்காமல் நிற்க, எஞ்சின் வெடித்துவிடக்கூடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். பிறகு எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது சிறிதாக நீர் வார்த்தார். பம்பின் அடித்துளையிலிருந்து எஞ்சினின் பக்கவாட்டில் துருநிறத்தில் ஒரு பழைய கோடு இறங்கியிருப்பதைக் காட்டினார். அது அன்று தோன்றியதன்று, பல வாரங்களுக்கு முன்பே வரையப்பட்டது. ரேடியேட்டரின் வாயில் குமிழிகள் இடைவிடாது எழுந்தன. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினார். நுனியில் எண்ணெய் மோர் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. சிலிண்டருக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே உள்ள கேஸ்கெட் எரிந்து, எரிவாயு தண்ணீருக்குள்ளும், தண்ணீர் எண்ணெய்க்குள்ளும் புகுந்துவிட்டிருந்தது. முதல் நோய் பம்பில். கேஸ்கெட் அதன் பின்விளைவு. கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த மாதமே மீண்டும் எரிந்திருக்கும்.

இன்று இச்சோதனையைச் செய்ய நல்ல கருவிகள் வந்துள்ளன. ஆறிய ரேடியேட்டரின் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கலாம். முள் இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் கசிவு உள்ளே. புரோமோதைமால் நீலம் என்னும் கரைசலை ரேடியேட்டரின் வாயில் வைத்து, அங்கு எழும் வாயுவை அதன் வழியே இழுத்தால், எரிவாயுவில் உள்ள கரியமில வாயு அக்கரைசலை மஞ்சளாக மாற்றிக் கேஸ்கெட் கெட்டதைக் காட்டிவிடும். வேதியியல் ஆய்வகத்தில் நீங்கள் காணும் அதே நிறமாற்றந்தான்.

தண்ணீரோடு கலக்கும் கூலன்ட் திரவத்தைப்பற்றியும் ஒரு சொல். எதிலீன் கிளைக்கால் என்னும் அப்பொருளை 1850-களிலேயே பிரெஞ்சு வேதியியலார் வூர்ட்ஸ் ஆக்கினார். 1920-களில் குளிர்நாடுகளில் நீர் உறையாமல் இருப்பதற்காக வண்டிகளுக்கு வந்தது. கொதிநிலையையும் சற்று உயர்த்தும். துருவைத் தடுக்கும் மருந்துகளும் அதில் சேர்க்கப்படுவதால் நமக்கும் பயன் உண்டு. புகைக்குழாயில் வெண்புகையும் இனிப்பு மணமும் வந்தால், அது உள்ளே எரிகிறது என்று பொருள். சுவையும் இனிப்பாக இருப்பதால் நாய்களும் குழந்தைகளும் நக்கிவிட இடமுண்டு. அது கொடிய நஞ்சு. கீழே சிந்தியதை உடனே கழுவிவிட வேண்டும்.

நம் ஓட்டுநர்கள் ரேடியேட்டர் கசிந்தால் மஞ்சள்தூளைப் போடுவதுண்டு. மேனாட்டில் முட்டையின் வெண்கருவைப் போட்டார்கள். இரண்டும் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஓட்டையை மட்டுமே அடைக்கும் அறிவு மஞ்சளுக்கு இல்லை. நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். நள்ளிரவில், நடுக்காட்டில் அது கைகொடுக்கும்; மறுநாள் காலையில் ரேடியேட்டரை முழுவதும் அலசிவிட வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீரை ஊற்றுவதும் இப்படித்தான். வெந்நீர்ப் பானையின் உட்புறம் படியும் சுண்ணாம்புப் படலம் அந்நுண்குழாய்களிலும் படிந்து வெப்பத்தை வெளியேறவிடாது. வாலைவடிநீர் நன்று; இல்லையேல் மாசற்ற மழைநீர்.

1961-இல் பிரான்சில் வெளிவந்த ரெனோ 4 என்னும் வண்டி, மூடி முத்திரையிட்ட குளிர்விப்பு அமைப்புடன் ஒரு சிறு குப்பியையும் கொண்டு வந்தது. சூடேறி விரியும் நீர் குப்பிக்கு வரும். ஆறியதும் தானே திரும்பிப் போகும். பின்னர் இக்குப்பி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் எல்லா வண்டிகளுக்கும் வந்தது. பென்ஸின் காலத்தில் கண்ணெதிரே கொதித்து, மேபாக்கின் தேனடைக்குள்ளும் அழுத்த மூடிக்குள்ளும் மறைந்துபோன தண்ணீர், இவ்வாறு மீண்டும் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்து நின்றது. எஞ்சினே இல்லாத மின்சார வண்டிகள் பலவற்றிலும் மின்கலத்தைக் குளிர்விக்க இதே திரவமும் இதே குப்பியும் உள்ளன. குப்பியின் பக்கவாட்டில் மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இருக்கும். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியைத் தொடாமலே நீர்மட்டத்தைப் பார்க்கலாம். நான் இப்போது திங்கட்கிழமைதோறும் அதைப் பார்த்து ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வைக்கிறேன்.